பழைய பட்டியல்

குடை, தக்காளி, ஏணி, மேளம். இந்த இடத்தில் என் மனைவி பிருந்தா எப்போதும் ஒரு மூச்சு நிற்பாள். பிறகு சோப்பு, மயில், கதவு, ஊசி என்று மறுபடி ஓட ஆரம்பிப்பாள். மழை, லாரி, தட்டு, கிணறு என்று முடிப்பாள். முடித்த கையோடு குடையில் தொடங்கிவிடுவாள்.

மாவு பிசையும்போதும் இதுதான், துணி காயப்போடும்போதும் இதுதான். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவன் நான். ஒருநாள் வெல்டரிடம் ஏணியை எடுத்து வரச் சொல்லப் போய், வாய் தானாக "மேளம்" என்று சேர்த்துக்கொண்டது. பட்டறையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் ஒரு தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அதில் அவள் தோற்க வேண்டும் என்று நான் கும்பிடாத சாமி இல்லை.

கோழிப்பண்ணைகளுக்கு அடுத்தபடி எங்கள் பக்கத்தில் அதிகம் இருப்பவை, நுழைவுத் தேர்வுக்குப் படிக்க வைக்கும் விடுதிப் பள்ளிகள். இரண்டிலும் விளக்கு அணைவதில்லை. அப்படி ஒரு பள்ளியில்தான் எங்கள் ஒரே மகள் நித்திலாவைச் சேர்த்தோம். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று ஆசை. அவளுக்கும் ஆசை, அவள் அம்மாவுக்கு அதைவிட ஆசை. ஆனால் நித்திலா கொஞ்சம் மெதுவாகப் படிக்கிற பிள்ளை. ஒரு பக்கத்தைப் பத்துமுறை படித்தால்தான் நிற்கும். அந்தப் பள்ளியில் பத்துமுறை படிக்க யாருக்கும் நேரம் கொடுப்பதில்லை.

அப்போதுதான் பிருந்தா அந்தப் பேச்சை எடுத்தாள். ஒருவர் மூளைக்கு இருக்கும் கற்கும் வேகத்தை இரத்த சொந்தத்தில் இன்னொருவருக்கு ஒரு வருஷத்துக்கு மாற்றிக் கொடுக்கலாம். இருவருக்கும் காதுக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஒன்றைப் பொருத்துவார்கள். அவ்வளவுதான். அரசாங்கம் வைத்த பெயர் கற்றல் திறன் பகிர்வு. ஊரில் அதற்குப் பெயர் ஊத்தறது. பள்ளி வாசலில் இரண்டு பெற்றோர் சந்தித்தால் முதல் கேள்வி, "உங்க வீட்டுல யாரு ஊத்துனது?" என்பதுதான். பதில் பெரும்பாலும் அம்மா. அப்பாக்களுக்குத் தொழில் இருக்கிறதாம். நானும் அப்படித்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பார்க்கப் போனால் அந்த அம்மாக்களைப் பார்க்கலாம். விடுதிக் கட்டடங்களைப் புதிதாகக் கட்டி இடம் மாற்றிக்கொண்டே இருப்பதால் அவர்களுக்கு வழி பிடிபடாது. பள்ளியே எல்லோர் மணிக்கட்டிலும் வண்ணப் பட்டை கட்டிவிடும். வாட்ச்மேன் பட்டையைப் பார்த்து, "அக்கா, உங்க புள்ள அந்தப் பக்கம்" என்று தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவார். திருவிழாவில் தொலைந்த குழந்தைகளைப் போல அவர்கள் தலையாட்டிக்கொண்டு நடப்பார்கள். பிருந்தாவின் பட்டை பச்சை.

பொருத்துவதற்கு முன் டாக்டர் ஜெசிந்தா எங்கள் மூவரையும் உட்கார வைத்து விளக்கினார்.

"ஞாபகம் எதுவும் போகாதுங்க. இதுவரைக்கும் கத்துக்கிட்டது அத்தனையும் அப்படியே இருக்கும். புதுசா ஒண்ணைக் கத்துக்கிற வேகம் மட்டும் குறையும்."

"எவ்வளவு குறையுமுங்க?" என்றேன்.

"பன்னிரண்டு வார்த்தை சொன்னா, பிருந்தா இப்ப ரெண்டாவது தடவையிலேயே எல்லாத்தையும் திருப்பிச் சொல்றாங்க. அப்புறம் அதே பன்னிரண்டுக்கு நாப்பது, அம்பது தடவை வேணும். ஆனா ஒண்ணு. மெதுவா ஏறினாலும், ஏறினது இறங்காது. ஒரே தடவையில படிச்சவங்களும் அம்பது தடவை படிச்சவங்களும் மறக்கிறது ஒரே அளவுதான்."

"அப்புறம் என்னங்க, ஒரு வருஷந்தானே?" என்று பிருந்தா பேனாவை எடுத்துவிட்டாள்.

அவளுடைய வேகம் எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் நான் பட்ட பாடு புரியும். லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்தவள் அவள். ஒருமுறை போனில் கேட்ட வண்டி எண்ணை, டிரைவர் பேரை, அவர் குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொன்னதைக்கூட மறக்க மாட்டாள். பெண் பார்க்கப் போனபோது என் சித்தப்பா பையன் வந்த வேனின் எண்ணைக் கேட்டு வைத்துக்கொண்டு, கல்யாணத்தன்று அதே வேன் வரவில்லையே என்று கேட்டவள். ஊத்திய சில வாரங்களில் அந்த வேலை போயிற்று. பழைய டிரைவர்கள் எல்லோரையும் தெரிந்தது. புதிதாக வந்தவர் எத்தனை முறை வந்து நின்றாலும், "நீங்க யாருங்க?" என்றாள். முதலாளி நல்ல மனிதர். தலையைச் சொறிந்துகொண்டேதான் நின்றுகொள்ளச் சொன்னார்.

நாங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் வாடகை வீட்டுக்கு மாறியிருந்தோம். அதுதான் பெரிய தப்பு. பழைய வீட்டில் தண்ணீர் மோட்டார் சுவிட்ச் வெளிக்கதவுக்கு இடது பக்கம் இருந்தது. புது வீட்டில் வலது பக்கம்.

"ஏனுங்க, மோட்டார் போடோணும். சுவிட்சக் காணமுங்க."

"நொட்டாங்கைப் பக்கம் தேடாத புள்ள. சோத்தாங்கைப் பக்கம் பாரு."

"ஆமாமா. நேத்தும் சொன்னீங்க."

நேற்று மட்டுமா சொன்னேன்? தினமும் சொன்னேன். வெறும் சுவரில் அவள் கை தடவிக்கொண்டிருக்கும். கடைசியில் எல்லா சுவிட்சுக்கும் பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டினேன். யாராவது வீட்டுக்கு வந்தால் அவள் அவற்றைப் பிய்த்து மறைத்துவிடுவாள். பிறகு எங்கே மறைத்தாள் என்பது தெரியாது.

மாதப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் இதைச் சொன்னேன். நித்திலாவும் கூட இருந்தாள்.

"பழைய சுவிட்ச் ஆழமா பதிஞ்சு போச்சு. அதே மாதிரி இன்னொண்ணு புதுசா வரும்போது பழசு முந்திக்கும்," என்றார் டாக்டர். "எல்லாருக்கும் இது உண்டு. வேகமா கத்துக்கிறவங்க அதைத் தாண்டி வந்துடுவாங்க. இவங்களால இப்ப தாண்ட முடியாது. பழசே இல்லாத இடம்னா இவ்வளவு கஷ்டம் இருக்காது."

எனக்கு மண்டை காய்ந்தது. நித்திலா மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்குத்தான் இப்போது எதையும் ஒருமுறை கேட்டால் போதுமே.

பரீட்சை வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினோம். இடையில் ஒருநாள் பாலம் வேலைக்காக பஸ்ஸை வேறு வழியில் விட்டார்கள். பிருந்தா எங்கேயோ இறங்கி, வீட்டுக்கு வழி தெரியாமல் ஒரு டீக்கடை பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். டீக்கடைக்காரர் வீடு எங்கே என்று கேட்டதற்குப் பழைய வீட்டு முகவரியைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். அவரும் அங்கே போகிற பஸ்ஸில் ஏற்றிவிடப் பார்த்திருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ளைக்குப் பரீட்ச முடிஞ்சுதுங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

பரீட்சை முடிந்தது. நித்திலாவுக்குக் கொஞ்சம் மார்க்கில் சீட்டு போயிற்று. கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான். ஒரு வருஷத்தில் ஏற்றிவிடக்கூடிய கொஞ்சம்.

ரிசல்ட் வந்த அன்றைக்கே பிருந்தா சொல்லிவிட்டாள். "இன்னொரு வருஷம் குடுத்தர்றேன்."

"வெளையாடறியா? ரெண்டாவது வருஷம் குடுத்தா அது அங்கயே ஒட்டிக்கும், திரும்பி வராதுன்னு டாக்டர் சொன்னது மறந்து போச்சா?"

"அது ஊத்தறதுக்கு முன்னாடியே சொன்னதுங்க. அது எப்படி மறக்கும்? நல்லா ஞாபகம் இருக்குது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நான் இனிமே புதுசா என்னத்தக் கத்துக்கோணும், சொல்லுங்க. சோறாக்கத் தெரியும். உங்களத் தெரியும். நம்ம அம்மிணி நித்திலாவத் தெரியும். போதாதா?"

"அவளுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்த பொறந்தா? அது பேரு?"

"அம்பது தடவ சொன்னா ஏறும்னு டாக்டர் சொன்னாங்கல்ல? அம்பது தடவ கூப்பிட்டுக்கறேன்" என்றாள்.

கொடுப்பவரின் சம்மதம் மட்டும் போதும் என்பது சட்டம். மனைவியை மிரட்டி எந்தப் புருஷனும் தடுத்துவிடக் கூடாது, மிரட்டிக் கொடுக்க வைக்கவும் கூடாது என்று யாரோ நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார்கள். வாங்குகிற பிள்ளை பதினெட்டு முடியாதவளாக இருந்தால் அவளைக் கேட்பதே இல்லை. அந்த வருஷம் முடிய இன்னும் சில மாதம் இருந்தது. முடிகிறபோது வைக்கும் அந்தத் தேர்வுதான் நடுவில் இருந்த ஒரே தடை. பன்னிரண்டு வார்த்தைகளை ஐந்து முறை வாசிப்பார்கள். அரை மணி நேரம் கழித்து நினைவிருப்பதைச் சொல்லச் சொல்வார்கள். நான்கு வார்த்தையாவது சொன்னால், இன்னும் தாங்குவாள் என்று பொருள். இன்னொரு வருஷம் கொடுக்கலாம். அதற்குக் கீழே போனால், இருப்பதையும் இழந்துவிடுவாள் என்று பொருள். உடனே திருப்பி வாங்கியே ஆக வேண்டும்.

எங்கள் பக்கத்து ஆட்கள் எந்தப் பரீட்சை என்றாலும் முதலில் தேடுவது பழைய கேள்வித்தாளைத்தான். டிரைவிங் லைசென்சுக்குக்கூட தேடுவோம். அந்தத் தேர்வுக்கும் ஒன்று கிடைத்தது. கொடுத்தவள் நித்திலா.

அடுத்த பரீட்சைக்காக அவளை மறுபடி அதே விடுதியில் விட்டிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே புங்கமரத்தடியில் டிபன் பாக்ஸைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள். "பெரிய டெஸ்ட்டுக்கு எப்பவும் ஒரே லிஸ்ட்டுதாம்மா. எனக்கு வெச்சப்ப கேட்டேன். அப்படியே ஞாபகம் இருக்குது. நான் சொல்லச் சொல்ல நீ சொல்லு. குடை."

"குடை," என்றாள் பிருந்தா ஆசையாக.

"தக்காளி."

அன்றைக்குத் தொடங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் மற்ற பிள்ளைகள் அம்மா மடியில் படுத்துக்கொண்டு கதை பேசும்போது, என் மகள் நேராக உட்கார்ந்து தன் அம்மாவுக்குப் பாடம் நடத்தினாள். தப்பினால் முதலிலிருந்து. மேளத்துக்குப் பிறகு சோப்பை விட்டால் முதலிலிருந்து. பிருந்தாவுக்கு வியர்த்துவிடும். "சித்த நேரம் பொறு கண்ணு," என்பாள். "மறுபடியும் சொல்லும்மா," என்பாள் அவள். சிரிப்பு கிடையாது, கொஞ்சல் கிடையாது.

பெற்ற மகளை வெறுக்க முடியுமா? முடிகிறது. அந்த மாதங்களில் நான் வெறுத்தேன். ஒருநாள் பிருந்தா கை கழுவப் போன நேரத்தில் கேட்டேவிட்டேன்.

"உங்கம்மாவுக்கு இன்னும் மோட்டார் சுவிட்ச் எங்கன்னு தெரியல. தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்கப்பா. கை பழைய பக்கமே போகுது."

"அப்புறமும் உனக்கு இன்னொரு வருஷம் வேணுமா?"

அவள் டிபன் பாக்ஸ் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அம்மா குடுத்தே தீருவேங்குது. நான் என்ன பண்ணட்டும்? நீங்க ஒண்ணு மட்டும் பண்ணுங்க. லிஸ்ட்ட தெனமும் சொல்ல வைங்க. எந்நேரமும் சொல்லீட்டே இருக்கோணும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அதுதான் வரோணும்."

எனக்குக் கை துடித்தது. அடிக்கவில்லை. விடுதி வாசலில் அத்தனை பேர் இருந்தார்கள்.

அவள் சொன்னதற்கு நேர் எதிராகத்தான் நான் செய்தேன். பிருந்தா பட்டியலைத் தொடங்கினால் டிவியைச் சத்தமாக வைத்தேன். நடுவில் புகுந்து, "குடை, கத்திரிக்காய்," என்று குழப்பினேன். "போங்க உங்களோட," என்று சிணுங்கிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அவள் சொல்வது கீழே கேட்கும். வாரங்கள் போகப் போக மேளத்துக்குப் பிறகு நிற்பதும் நின்றுபோயிற்று. பன்னிரண்டும் ஒரே ஓட்டமாக வந்தன. நான்கு போதும் என்ற இடத்தில் பன்னிரண்டு.

தேர்வு நாள் வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பிருந்தாவும் டாக்டர் ஜெசிந்தாவும். இந்தப் பக்கம் நானும் நித்திலாவும். உள்ளே பேசுவது ஸ்பீக்கரில் கேட்கும். பிருந்தா கல்யாணத்துக்குப் போகிறவளைப் போல நல்ல புடவை கட்டி வந்திருந்தாள். எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

இயந்திரத்தின் குரல் வாசிக்கத் தொடங்கியது.

"சாவி."

பிருந்தாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் உதடு "கு" என்று குவிந்திருந்ததை நான் பார்த்தேன்.

"வாழை. பாலம். கொலுசு. உப்பு. யானை. நாற்காலி. கடிதம். பம்பரம். மண். விளக்கு. தறி."

வேறு பட்டியல். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். மறைக்கவில்லை. நித்திலாவைத் திரும்பிப் பார்த்தேன், "நல்லா வேணும்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு. அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. இரண்டு கைகளையும் முட்டிக்கு நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தாள்.

முதல்முறை பிருந்தா "தறி" மட்டும் சொன்னாள். இரண்டாம் முறை "சாவி, தறி, குடை" என்றாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுத்த இரண்டு முறையும் கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டாள். நெற்றி நரம்பு புடைத்தது. ஐந்தாவது முறை முடிந்ததும் மெதுவாக, ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னாள்.

"சாவி. வாழை. யானை. தறி."

நான்கு. என் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. பழைய பட்டியல் அத்தனையும் வீணாகியும், பிடிவாதத்தால் மட்டும் நான்கைப் பிடித்துவிட்டாள். இனி அரை மணி நேரம் அந்த நான்கும் அவள் தலைக்குள் இருந்தால் போதும்.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். சாவி, வாழை, யானை, தறி என்று அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நர்ஸ் எதிரில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தார். தேர்வு வார்த்தைகளை யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது விதி. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மறந்துவிடு, மறந்துவிடு என்று வேண்டினேன். ஒரு மனிதன் தன் மனைவிக்காக இப்படி ஒரு வேண்டுதலை வைக்கும்படி ஆனதே என்று எனக்கு அழுகை முட்டியது.

நித்திலா போய் மூன்று காபி வாங்கி வந்தாள். ஒன்றை அம்மா கையில் கொடுத்துவிட்டு அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

"அம்மா. பழசையும் ஒருக்கா சொல்லிப் பாத்துக்க. ஒருவேள அதையும் கேட்டாங்கன்னா?"

"வேண்டாங்கண்ணு. இது போயிரும்."

"போகாதும்மா. ஒருக்கா மட்டும். மேளத்துக்கு அப்புறம் என்ன?"

"சோப்பு," என்றாள் பிருந்தா. கேள்வி முடியும் முன்பே வந்துவிட்டது. "மயில், கதவு, ஊசி, மழை, லாரி..."

"மொதல்ல இருந்து சொல்லு."

"குடை, தக்காளி, ஏணி, மேளம், சோப்பு..."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தேர்வு வார்த்தைகள் இல்லை என்பதால் குனிந்துகொண்டார். பட்டியல் ஓடியது. முடிந்ததும் மறுபடி ஓடியது. பிருந்தாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. தெரிந்த பாதையில் நடக்கிற நிம்மதி அது. நித்திலா அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே உதட்டை அசைத்தாள். இந்த நேரத்திலும் இவளுக்குப் பேராசையா, இரண்டு பட்டியலும் வேண்டுமா என்று எனக்கு எரிந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள்.

"நிதானமா சொல்லுங்க பிருந்தா. கொஞ்ச நேரம் முன்னாடி கேட்ட வார்த்தைங்க," என்றார் டாக்டர்.

பிருந்தா வாயைத் திறந்தாள். மூடினாள். "ச..." என்றாள். பிறகு முகம் மலர்ந்தது.

"குடை, தக்காளி, ஏணி, மேளம், சோப்பு, மயில், கதவு, ஊசி, மழை, லாரி, தட்டு, கிணறு!"

ஒரே மூச்சு. எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டும் இருக்கும். சொல்லி முடித்துவிட்டுக் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்து, முதல் மார்க் வாங்கிய பிள்ளையைப் போலச் சிரித்தாள். டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் பூஜ்ஜியம் என்று வந்தது.

டாக்டர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது. பிருந்தாவுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொருக்கா கேளுங்க டாக்டர். சாவிங்க. சாவின்னு ஒண்ணு வந்துச்சுங்க. எம்புள்ள வாழ்க்கைங்க, இன்னொருக்கா கேளுங்க." அவள் அழுத அழுகையைக் கேட்க முடியாமல் நான் வெளியே வந்தேன்.

நித்திலா எனக்கு முன்பே வராந்தாவுக்கு வந்து, சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். ஓடி வந்தவளைப் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஜெயித்தது நான், ஆனாலும் கோபம்.

"அந்த லிஸ்ட்டு வரும்னு யாரு சொன்னா உனக்கு?"

"யாருஞ் சொல்லலீங்கப்பா."

"அப்புறம்?"

"ஒருக்கா வந்த லிஸ்ட்டு மறுக்கா வராது. எனக்கு மாசாமாசம் வெச்சாங்கல்ல? ஒண்ணுகூட திரும்ப வரல. ஆரம்பத்துலயே தெரியும்."

"தெரிஞ்சுமா உங்கம்மாவுக்குச் சொல்லிக் குடுத்த?"

"நான் வேண்டாம்னு சொன்னா அம்மா கேக்குமா?" என்றாள் நித்திலா. "கால்ல விழுந்துகூடப் பாத்தேன். எந்திரிச்சு போய்ப் படின்னுது. சும்மா விட்டா அம்மா எப்படியாச்சும் நாலு புடிச்சிரும்னு தெரியும். பழைய சுவிட்ச் ஆழமா இருந்தா புதுசு ஏறாதுன்னு டாக்டர் சொன்னாங்கல்லப்பா. அதனால ஒரு பழசு வேணும். ரொம்ப ஆழமா." அவள் குரல் உடைந்தது. "அம்மா அம்பது தடவ சொல்றப்பல்லாம் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நம்பிச் சொல்லுச்சுப்பா."

அவளைத் திட்டுவதற்கு மாதக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் வாயிலேயே நின்றுபோயின. டிவியைச் சத்தமாக வைத்ததும், கத்திரிக்காய் என்று குழப்பியதும் நினைவுக்கு வந்தன. என் மனைவியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவளுக்கு நான் குறுக்கே நின்றிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"உன்ற படிப்பு?"

"மெதுவாப் படிக்கிறேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லீராதீங்க."

நான் சொல்லவில்லை. திருப்பி மாற்றும் வேலை சில வாரங்கள் நடந்தது. அந்த வாரங்களில் பிருந்தா மகளைப் பார்க்கும்போதெல்லாம், "என்னாலதான் போச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நித்திலா எழுந்து போவாள். நடுவில் நான், இரண்டு பக்கமும் தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பரிசோதனைக்குப் போனோம். முதலில் நித்திலா. ஐந்து முறை கேட்டும் பாதிக்குப் பக்கத்தில்தான் வந்தது. பழைய நித்திலா. பிறகு பிருந்தா. இரண்டாவது வாசிப்பிலேயே கடகடவென்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். டாக்டர் கை தட்டினார். பிருந்தா சிரிக்கவில்லை. எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க டாக்டர், இது அன்னைக்கு வெச்ச லிஸ்ட்டு இல்லீங்களே?"

"இல்லம்மா. ஒருத்தருக்கு வெச்ச லிஸ்ட் மறுபடி யாருக்குமே வராது. மெஷின் அப்பப்ப புதுசா போடும்."

"ஆரம்பத்துல இருந்தே அப்படித்தானுங்களா?"

"ஆரம்பத்துல இருந்தே அப்படித்தான். எல்லாப் பிள்ளைங்களுக்கும் தெரியுமே."

பிருந்தா திரும்பி மகளைப் பார்த்தாள். நித்திலா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் பிருந்தா நேராகப் பின்னால் போனாள். வெளிக்கதவுக்கு வலது பக்கம் கையை வைத்து மோட்டாரைப் போட்டாள். தேடவில்லை. பக்கத்தில் நான் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தாள். பிறகு கூடத்துக்கு வந்து மகளுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"குடை, தக்காளி, ஏணி, மேளம்," என்றாள். நிறுத்தினாள். "அடுத்தது என்னடி?"

நித்திலா என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய முடியும்?

"சோப்பு," என்றாள் மெல்ல.

"மறக்கலியா உனக்கு? வாங்குனதெல்லாம் திரும்பிப் போச்சே."

"ஏறுனது எறங்காதும்மா."

"என்ற மூளைய வெச்சு என்னையே ஏமாத்தியிருக்கற."

"ஆமா."

"டாக்டர் ஆயிருப்படி நீ!" பிருந்தாவின் குரல் எழுந்து, நடுவில் உடைந்தது. "இந்த வருஷமே சீட்டு வாங்கியிருப்ப!"

"ஆயிருப்பேன்," என்றாள் நித்திலா. "எனக்குப் பொறக்கற புள்ள பேர நீ அம்பது தடவ கேட்டிருப்ப."

பிருந்தா அவள் தலையில் ஒரு கொட்டு வைத்தாள். வலிக்கிற கொட்டுதான். பிறகு அதே தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நித்திலா ஒரு வருஷமாகப் படுக்காத மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மாடியில் தொட்டி நிரம்பித் தண்ணீர் வழிந்து கொட்டத் தொடங்கியது. சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று இப்போது மூன்று பேருக்கும் தெரியும். யாரும் எழுந்து போகவில்லை.